மெழுகுத் தவளை, பொன் தவளை: டீக்கீஸ் பாணி டும்பாகா பதக்கம் வார்க்க முழுமையான வழிகாட்டி

தென் கோஸ்டா ரிக்காவின் டீக்கீஸ் பகுதியிலும் அதை ஒட்டிய பனாமாவின் சிரிக்கியிலும் கிடைத்த பொன் தவளைகளுக்கென்று ஒரு சாயல் உண்டு. பின்னங்கால் பாதங்கள் தகடுபோல் அகன்றிருக்கும், கண்கள் உருண்டு பிதுங்கும், சிலவற்றின் வாயிலிருந்து இரண்டு சுருள்கள் பிரிந்து இறங்கும். மேலே மஞ்சள் பொன். உள்ளே பெரும்பாலும் டும்பாகா, அதாவது தங்கமும் செம்பும் கலந்த உலோகம்.

அப்படி ஒன்றை, சுமார் இரண்டரை செ.மீ. நீளத்தில், மெழுகு வார்ப்பு முறையில் (மெழுகு உருவின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி இறக்கி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறை) செய்யும் வழி இது. பட்டறையில் அடிப்படைப் பழக்கம் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் கைத்திறனில் அல்ல, வரிசையில். மெழுகை எடை போடாமலே மண் பூசிவிடுவார்கள். பொன் நிறம் ஏற்றிய பிறகு அரத்தை எடுப்பார்கள். அச்சு காயும் முன்னே நெருப்பில் வைப்பார்கள். ஆகவே வரிசையை மாற்ற வேண்டாம்.

1. மெழுகைத் தொடும் முன் தயாராக இருக்க வேண்டியவை

மரக்கரி, களிமண், தேன்மெழுகு, குங்கிலியம், மூசை, துருத்தி அல்லது சிறு ஊதுவிசிறி, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, நீண்ட குறடு, மூங்கில் இடுக்கி, புளி, கல்லுப்பு, மெருகுக்கல், உரைகல். நடுவில் எழுந்து தேடப் போகக் கூடாது. குறிப்பாக மூங்கில் இடுக்கி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். காரணம் 10-ஆம் படியில் வரும்.

தங்கம் 999 தூய்மையில் இருக்கட்டும். பழைய நகையை உருக்கினால் அதிலுள்ள வெள்ளி 10-ஆம் படியான பொன்னேற்றத்தை, அதாவது மேற்பரப்பைப் பொன்னிறமாக்குவதை, கெடுக்கும். செம்புக்கு மின்கம்பியின் செம்பு போதும். மேலுறையை முழுக்க உரித்துவிடுங்கள்.

முதல் இரண்டு தவளைகளைத் தங்கத்தில் வார்க்க வேண்டாம். செம்பு 90, வெள்ளீயம் 10 என்ற வெண்கலத்தில் வாருங்கள். அச்சு, ஓட்டம், உலர்த்தல் ஆகிய மூன்றிலும் வரும் பிழைகள் அதிலேயே தெரிந்துவிடும். பொன்னேற்றத்தை மட்டும் வெண்கலத்தில் பழக முடியாது, மேலே வருவதற்கு அதில் பொன் இல்லை.

2. உட்கரு

தவளையின் வயிறு திறந்திருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் முழு உடல், கீழிருந்து பார்த்தால் குழிந்த ஓடு. பழைய தவளைகள் பலவும் இப்படித்தான். எடை குறையும் என்பது ஒரு லாபம். பெரிய லாபம் வேறு: திறந்த வயிற்றின் வழியாக உட்கரு, அதாவது மெழுகுக்குள்ளே இருக்கும் கரிமண் உரு, வெளி அச்சோடு ஒட்டிக்கொள்ளும். வயிற்றை மூடிவிட்டால், மெழுகு உருகி ஓடியதும் உட்கருவைத் தாங்க எதுவும் இருக்காது. அது சரிந்து ஒரு பக்கச் சுவரைத் தொடும், அந்த இடத்தில் ஓட்டை விழும். மூடிய உருவங்களுக்கு உட்கருவின் குறுக்கே ஊசிகள் செருகி, வார்த்த பின் அந்தத் துளைகளை அடைத்தார்கள். முதல் பதக்கத்துக்கு அந்த வேலை வேண்டாம்.

கலவை: துணியில் சலித்த கரித்தூள் 3 பங்கு, சலித்த களிமண் 2 பங்கு, கன அளவில். பிசைந்து தவளையின் முதுகு வடிவில் உருட்டுங்கள். இறுதி உருவைவிட எல்லாப் பக்கமும் 1 மி.மீ. சிறியதாக இருக்கட்டும். நிழலில் இரண்டு நாள் காய்ந்த பின் கத்தியால் செதுக்கிச் சரிசெய்து, எடை போட்டுக் குறித்துவையுங்கள்.

கரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும், வார்க்கும்போது காற்றை வெளியே விடாது. கரி சுருக்கத்தைக் குறைக்கிறது, நுண்துளை விடுகிறது, உருகிய செம்பைக் கறுக்க விடாமல் காக்கிறது. மெக்சிகோவின் பொற்கொல்லர்களைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டில் சஹாகூன் என்ற ஸ்பானியத் துறவி பதிவு செய்ததிலும் கரியும் களிமண்ணும் கலந்த கருதான் வருகிறது.

3. இரண்டு வகை மெழுகு

ஒரே மெழுகில் உடலையும் இழையையும் செய்ய முயல்வது தவறு. உடலுக்கு விறைப்பு வேண்டும், இழைக்கு வளைவு வேண்டும்.

உடல் மெழுகு: தேன்மெழுகு 100 கிராம், பொடித்த குங்கிலியம் 25 கிராம். இழை மெழுகு: தேன்மெழுகு 100 கிராம், குங்கிலியம் 10 கிராம், நாலைந்து துளி கடலை எண்ணெய். இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேர் தீயில் வைத்தால் குங்கிலியம் பற்றிக்கொள்ளும். உருகியதைத் துணியில் வடிகட்டுங்கள், ஒரு தூசி நின்றாலும் வார்ப்பில் குழியாக வரும்.

அமெரிக்கக் கண்டத்தில், ஸ்பானியர் வருமுன், நம் ஊர்ப் பெட்டித் தேனீ கிடையாது. கொட்டாத தேனீக்களின் மெழுகைத்தான் எடுத்தார்கள், நம் கொசுத்தேனீயின் உறவு அவை. அந்த மெழுகை இறுக்க மெக்சிகோவில் கோபால் பிசின் சேர்த்தார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் குங்கிலியம் சேர்ப்பதும் அதே தேவைக்குத்தான்.

4. உருவம்: எல்லா முடிவும் மெழுகிலேயே

உடல் மெழுகை ஈரப் பலகை இரண்டுக்கு நடுவே உருட்டி 0.8 மி.மீ. தகடாக்குங்கள். இளஞ்சூட்டு நீரில் முக்கி எடுத்து, உட்கருவின் மேல் போர்த்தி விரலால் அழுத்துங்கள். சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்க வேண்டும். 0.5-க்குக் கீழே போனால் உலோகம் பாதியில் உறையும். 1.5-ஐத் தாண்டினால் தடித்த இடம் கடைசியில் உறைந்து குழி விழும்.

பின் பாதங்களை மெழுகில் தகடாகச் செய்யாதீர்கள். 2 மி.மீ. கனமுள்ள சிறு பட்டையாக விட்டுவிடுங்கள், வார்த்த பின் அடித்து அகட்டலாம். மெல்லிய அகலத் தகடு அச்சில் நிரம்புவது கடினம், நிரம்பினாலும் ஓரம் கடித்துவிட்டதுபோல் வரும்.

முன்னங்கால்களின் நுனியை அந்தரத்தில் விடாமல் வளைத்து உடலோடு ஒட்டுங்கள். அதனால் கயிறு கோக்க வளையம் கிடைக்கும், காற்று அடைபடும் முட்டுச்சந்தும் இருக்காது.

இனி இழை வேலை. இழை மெழுகை இரண்டு ஈரக் கண்ணாடிகளுக்கு நடுவே உருட்டினால் 0.8 மி.மீ. நூல் வரும். கண்ணைச் சுற்றி ஒரு வளையம், வாயிலிருந்து இரண்டு சுருள், முதுகில் ஒரு கோடு. கொலம்பியாவின் சினூ, தைரோனா நகைகளில் கம்பி வேலைபோல் தெரிவது பெரும்பாலும் இதுதான். பொன் கம்பியை வளைத்துப் பற்றவைத்ததல்ல, மெழுகு நூலை ஒட்டி ஒரே வார்ப்பில் எடுத்தது.

இழை ஒட்டும் விதத்தில் கவனம் வேண்டும். நூலை உடலின் மேல் வைத்து விரலால் அழுத்தினால் ஒட்டியதுபோல் தெரியும், ஒட்டியிருக்காது. ஊசியைச் சுடவைத்து, நூலுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள கோட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். மெழுகு மின்னி, கோடு மறைந்து, சிறு சரிவாக மாற வேண்டும். பூதக்கண்ணாடியில் பாருங்கள். மயிரளவு இடுக்கு இருந்தால் கரிக்குழம்பு அதில் நுழையும். வார்த்த பின் அந்த இழை உடலைத் தொடாமல் தொங்கும், அல்லது உடைந்து அச்சோடு போகும். ஊசியின் சூடு அதிகமானால் நூலே உருகி ஓடும். ஆவி வராத சூடு போதும்.

மெழுகில் ஒரு கைரேகை தெரிந்தால் அதை இப்போதே வழியுங்கள். உலோகத்தில் அதே ரேகையை எடுக்க அரை நாள் ஆகும். கொலம்பியாவின் முயிஸ்கா மக்கள் துன்ஹோ என்ற காணிக்கை உருவங்களை வார்த்தது வார்த்தபடியே, கரடுமுரடாக விட்டார்கள், அது அவர்கள் வழக்கம். இந்தத் தவளைக்கு வழவழப்பு வேண்டும்.

தவளையின் கீழ்ப்பக்கத்தில், எளிதில் கண்ணில் படாத இடத்தில், உங்கள் குறியையும் ஆண்டையும் மெழுகிலேயே கீறுங்கள். பழம்பொருள் என்று யாரும் விற்றுவிடாதபடி செய்யும் ஒரே உறுதியான வழி அதுதான். புதைகுழிகளைத் தோண்டிக் கடத்தும் சந்தைக்குப் போலிகளும் தீனி போடுகின்றன. ஆகவே இதை விட்டுவிடாதீர்கள்.

5. ஊற்றுவாயும் எடையும்

தவளையைத் தலைகீழாகப் பிடியுங்கள்: தலை கீழே, பின்னங்கால்கள் மேலே. ஒவ்வொரு பின் பாதத்திலிருந்தும் 2.5 மி.மீ. தடிப்பில் ஒரு மெழுகுத் தண்டு, இரண்டும் மேலே ஒன்றுசேர்ந்து ஒரு புனல். புனல்தான் ஊற்றுவாய்.

தண்டு, அது சேரும் இடத்தைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. உலோகம் நுனியிலிருந்து உறைந்து மேலே வர வேண்டும், சுருங்கும்போது தேவைப்படும் உலோகத்தைத் தண்டு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்டு முதலில் உறைந்தால் பாதத்தின் அடியில் குழி விழும்.

புனலைச் சேர்க்கும் முன், உட்கருவோடு சேர்த்து எடை போட்டு, முன்பே குறித்துவைத்த உட்கருவின் எடையைக் கழியுங்கள். உட்கருவை முதலிலேயே எடை போடாதவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். மெழுகின் அடர்த்தி 0.96. தங்கம் 60, செம்பு 40 கலவையின் அடர்த்தி சுமார் 13.2. ஆகவே மெழுகின் எடையை 14-ஆல் பெருக்குங்கள். வெண்கலத்துக்கு 9.2.

மெழுகு 0.7 கிராம் என்றால் உலோகம் 9.8 கிராம். ஊற்றுவாயில் நின்று அழுத்தம் தர இன்னும் 4 கிராம். மொத்தம் ஏறக்குறைய 14 கிராம்: தங்கம் 8.4, செம்பு 5.6. தண்டிலும் புனலிலும் நிற்பது வெட்டி எடுக்கக்கூடியது, வீணாகாது. கணக்கில் கஞ்சம் பிடித்து ஒரு கிராம் குறைத்தால் மேலே இருக்கும் பாதங்கள்தான் முதலில் குறையும்.

6. மண் பூச்சு

முதல் பூச்சு: துணியில் சலித்த கரித்தூள் 2 பங்கு, களிமண் 1 பங்கு, நீர் சேர்த்துப் பால் பதத்தில். மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு இடுக்கிலும் தடவுங்கள். ஊதிப் பார்த்தால் குமிழி தெரியும். குமிழி நின்ற இடம் உலோக மணியாக வரும்.

நிழலில் காயட்டும். மீண்டும் பூசுங்கள். மொத்தம் மூன்று அல்லது நான்கு பூச்சு. நம் ஊர் வெயிலில் வைத்தால் மெழுகு இளகி இழைகள் நகர்ந்துவிடும், பூச்சு உள்ளிருந்து வெடிக்கும். அவசரப்படுபவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

பிறகு வெளிப் பூச்சு: களிமண், பருங்கரி, மணல் சம பங்கு, 1 செ.மீ. கனம். திறந்த வயிற்றின் வழியாக உட்கரு இந்த மண்ணோடு நன்றாகப் பிடிக்கும்படி அழுத்துங்கள். நான்கு நாள் நிழலில் வையுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது. குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம்.

7. மெழுகை இறக்குதல், அச்சைச் சுடுதல்

ஊற்றுவாய் கீழே பார்க்கும்படி, கரி நெருப்பின் ஓரத்தில் வைத்து ஒரு மணி நேரம் மெல்லச் சூடேற்றுங்கள். மெழுகு ஒழுகும், தட்டில் பிடித்துக்கொள்ளலாம். வேகமாகச் சூடேற்றினால் உருகும் முன்பே மெழுகு விரிந்து அச்சைப் பிளக்கும்.

மெழுகு நின்றதும் அச்சை எரியும் கரியில் புதைத்து மங்கிய சிவப்பு வரை கொண்டுபோங்கள், ஏறக்குறைய 650 டிகிரி. ஒரு மணி நேரம் அப்படியே நிற்கட்டும். ஊற்றுவாயில் புகையோ சுடரோ வரக் கூடாது. திறந்த காற்றில் சுடாதீர்கள். அச்சின் உட்சுவரிலுள்ள கரியே எரிந்து போய், சுவர் பொடியாக உதிரும். கரியில் புதைத்தால் அந்தச் சேதம் இல்லை.

8. உருக்குதல், வார்த்தல்

தங்கம் 1064 டிகிரியிலும் செம்பு 1085-இலும் உருகும். இரண்டும் சேர்ந்தால் உருகுநிலை இறங்கும், 80-க்கு 20 என்ற கலவை 910 டிகிரியிலேயே உருகிவிடும். அமெரிக்கக் கண்டத்தின் பழைய பொற்கொல்லர்கள் துருத்தி இல்லாமல், பலர் சுற்றி நின்று குழலால் ஊதியே வேலை முடித்ததற்கு இந்த இறக்கம் பெரிய உதவி.

முதலில் தங்கத்தை உருக்குங்கள். மேலே கரித்தூள் போடுங்கள். செம்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, உருகிய தங்கத்துக்குள் அமுக்குங்கள். செம்பை முதலில் வைத்தால் அது உருகும் முன்பே கறுத்துக் கசடாகும். கருகிய குச்சியால் கலக்குங்கள். ஒருமுறை உருக்கியது போதாது. தங்கம் கனம், அடியில் தங்கும். கட்டியாக ஊற்றி, அடித்துத் தட்டையாக்கி, வெட்டி, இரண்டாம் முறை உருக்கிய பின்பே வாருங்கள்.

உலோகம் கண்ணாடிபோல் மின்னி உருளும்போது, அதாவது 1050 டிகிரியைத் தாண்டியதும், கரியிலிருந்து அச்சை எடுத்து மணலில் நிறுத்துங்கள். அச்சு இன்னும் 500 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஊற்றுங்கள். நடுவில் ஒரு நொடி தயங்கினாலும் தவளையின் இடுப்பில் ஒரு மடிப்பு விழும்.

அச்சில் ஈரம் இருந்தால் உருகிய உலோகம் துப்பாக்கிபோல் திருப்பி அடிக்கும். முகக்கவசம், தோல் கையுறை, மூடிய செருப்பு, பருத்தி உடை. இவை இல்லாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

9. உடைத்தல், பாதங்களை அடித்தல்

ஊற்றுவாயிலுள்ள உலோகத்தின் சிவப்பு மறைந்ததும், அகன்ற வாளித் தண்ணீரில் நீண்ட குறடால் அச்சை இறக்குங்கள். அச்சு வெடித்து உதிரும். தானாக ஆறட்டும் என்று விடாதீர்கள். தங்கமும் செம்பும் கலந்த உலோகம் 400 டிகிரிக்குக் கீழே மெல்ல இறங்கும்போது உள்ளே அணுக்கள் வரிசை கட்டிக்கொள்ளும், உலோகம் விறைத்து நொறுங்கும். சட்டென்று குளிர்வித்தால் மென்மை நிற்கும். இரும்பு எஃகில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

உட்கருவை ஊசியால் சுரண்டி எடுங்கள். தண்டை வெட்டுங்கள். பாதங்களை மங்கிய சிவப்புக்குக் காய்ச்சி, நீரில் முக்கி, வழவழப்பான கல்லின் மேல் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அடியுங்கள். சுத்தியலின் ஓசை கணீரென்று மாறினால் நிறுத்தி மீண்டும் காய்ச்சுங்கள். நான்கைந்து சுற்றில் 2 மி.மீ. பட்டை 0.6 மி.மீ. தகடாகும். ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால் அதை அங்கேயே அரத்தால் வட்டமாக எடுத்துவிடுங்கள். விட்டால் அடுத்த அடியில் பாதத்தின் நடுவரை ஓடும்.

அரம், உளி, மணல் தேய்ப்பு எல்லாம் இங்கேயே முடிய வேண்டும். இதற்குப் பிறகு அரம் பட்டால் சிவப்பு தெரியும்.

10. பொன்னேற்றம்

இப்போது தவளை செம்பொன் நிறத்தில் இருக்கும். மேலிருந்து எதையும் பூசப்போவதில்லை. மேற்பரப்பிலுள்ள செம்பை வெளியேற்றினால் மிஞ்சுவது பொன். 1526-இல் ஓவியேதோ என்ற ஸ்பானியர், அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள் ஒரு மூலிகையால் மட்டமான பொன்னைத் தூய பொன்போல் ஆக்குவதாக வியந்து எழுதினார். புளிப்புச் சாறுள்ள இலைகள் இந்த வேலையைச் செய்யும், புளியும் செய்யும்.

ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் புளி, இரண்டு கரண்டி கல்லுப்பு. மண் பானையில் கொதிக்கவிடுங்கள்.

தவளையை மங்கிய சிவப்பில் ஒரு நிமிடம், காற்றுப் படும்படி காய்ச்சுங்கள். மேலே கருந்தோல் படியும், அது செம்பின் ஆக்சைடு. சற்று ஆறியதும் புளித்தண்ணீரில் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தோல் கரையும். கழுவுங்கள். மறுபடி காய்ச்சுங்கள். எட்டு முதல் பத்துச் சுற்று.

முதல் இரண்டு சுற்றில் நிறம் இன்னும் சிவக்கும், பயப்பட வேண்டாம். நான்காவதில் பழுப்பு, ஏழாவதில் களிமண் மஞ்சள். கடைசியில் பளபளப்பே இல்லாத, மஞ்சள் பொடி பூசியதுபோன்ற தோல் வரும். அதுதான் சரியான பதம். செம்பு போன இடமெல்லாம் நுண்துளையாக இருப்பதால் ஒளி சிதறுகிறது. இந்த நேரத்தில் கம்பித் தூரிகை போட்டால் அத்தனையும் போய்விடும்.

புளித்தண்ணீரில் இரும்பு படவே கூடாது. அதில் இப்போது செம்பு கரைந்திருக்கிறது. இரும்புக் குறடு பட்டதும் அந்தச் செம்பு திரும்ப வந்து தவளையின் மேல் ரோஜா நிறத்தில் படியும். மூங்கில் இடுக்கி கேட்டது இதற்காகத்தான். அப்படி ஆகிவிட்டால் புதுப் புளித்தண்ணீர் வைத்து ஒரு சுற்று கூடுதலாகச் செய்யுங்கள்.

பன்னிரண்டு சுற்றைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் இழைகளைக் கொஞ்சம் தின்னும்.

நிறம் வெளிறிப் பச்சை சாயலில் நின்றால் தங்கத்தில் வெள்ளி இருந்திருக்கிறது. புளி வெள்ளியைத் தொடாது. பழைய பொற்கொல்லர்கள் ஆற்றுப் பொன்னைப் பயன்படுத்தினார்கள், அதில் வெள்ளி இயல்பாகவே உண்டு. உப்பு கலந்த மஞ்சள் மண்ணை அவர்கள் ‘பொன் மருந்து’ என்று தடவியதாக சஹாகூன் பதிவில் இருக்கிறது. உப்பும் இரும்புச் சத்துள்ள உப்பு மண்களும் சேர்ந்தால் வெள்ளியையும் வெளியேற்றும். ஆனால் காய்ச்சும்போது வரும் புகை நுரையீரலுக்குக் கேடு. வீட்டுப் பட்டறையில் அதைச் செய்யாதீர்கள்.

11. மெருகு

பூந்திக்கொட்டை ஊறிய நீரில் தவளையை நனைத்து, மெருகுக்கல்லால் அழுத்தி ஒரே திசையில் தேயுங்கள். நுண்துளைகள் மூடி, மஞ்சள் பொடி போலிருந்த தோல் பொன்னாக இறுகும். துணிச் சக்கரமும் மெருகு மாவும் வேண்டாம். அவை தோலைச் சுரண்டி எடுக்கும், கல் தோலை அழுத்தி மூடும். இழைகளின் நடுவே கல் நுழையாத இடங்கள் மங்கலாகவே நிற்கட்டும், இழை எடுப்பாகத் தெரியும்.

தோல் எவ்வளவு மெல்லியது என்று பார்க்க ஆசையிருந்தால், வெட்டி எடுத்த தண்டில் ஒரு துண்டையும் தவளையோடு சேர்த்துப் பொன்னேற்றி வைத்திருங்கள். அதை உரைகல்லில் ஒருமுறை இழுங்கள்: மஞ்சள். அதே இடத்தை மேலும் நாலு முறை இழுங்கள்: கோடு சிவக்கும்.

மெருகுக்குப் பிறகு மீண்டும் காய்ச்சக் கூடாது. உள்ளிருக்கும் செம்பு சூட்டில் மேலே ஏறிவிடும். வளையம் உடைந்து பற்றவைக்க நேர்ந்தால், 10-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

12. மிச்ச உலோகம்

வெட்டிய தண்டையும் ஊற்றுவாய்க் கட்டியையும் அடுத்த வார்ப்புக்கு வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் கொஞ்சம் செம்பு கசடாகப் போயிருக்கும். அதனால் மிச்சத்தை மட்டும் வைத்து வார்க்காமல், புதுக் கலவையோடு பாதிக்குப் பாதி சேருங்கள். பொன்னேற்றிய சோதனைத் துண்டைத் தனியாக வையுங்கள். அடுத்த தவளையின் நிறத்தை ஒப்பிட அது தேவைப்படும்.